உடைத்துப் பார்த்தால்தான் உறுதி தெரியும்

சென்னை மெரினாக் கடற்கரையின் தென்கோடியில் ஒரு கலங்கரை விளக்கம் நிற்கிறது. 1977ல் திறக்கப்பட்டது. அதைத் தாண்டிச் சற்றுத் தெற்கே நடந்தால் நொச்சிக்குப்பம் வந்துவிடும். ஒருபுறம் மணலில் இழுத்து நிறுத்திய படகுகள், காயும் வலைகள், மீன் கூடைகள். மறுபுறம் அடுக்குமாடி வீடுகள். இரண்டுக்கும் நடுவே ஒரு சாலைதான்.

படகும் வீடும் மனிதன் கட்டியவை. இரண்டையும் நம்பித்தான் அவன் உயிர் இருக்கிறது. ஆனால் அந்த நம்பிக்கை பிறக்கும் விதம் வேறு. படகை மீனவர் அலையில் தள்ளிப் பார்க்கலாம். கயிறு தளர்ந்தால் கரைக்கு இழுத்துவந்து மீண்டும் கட்டலாம். பலகை சரியில்லை என்றால் மாற்றலாம். அப்பன், பாட்டன் காலத்திலிருந்து கடலே அவருக்குச் சோதனைக்கூடம். நாலு மாடி வீட்டை அப்படிச் சோதிக்க முடியுமா? அது கட்டி முடிந்த மறுநாளே மக்கள் குடியேறிவிடுகிறார்கள். புயல் வரும்போதும் நிலம் நடுங்கும்போதும் அவர்கள் உள்ளேதான் இருப்பார்கள்.

அப்படியானால், ஒரு கட்டடம் தாங்குமா என்று பொறியாளர் எப்படிச் சொல்கிறார்? “கணக்குப் போட்டு” என்று நீங்கள் விடை கூறுவீர்கள். அது பாதி விடைதான். அந்தக் கணக்கு சரியா என்று எப்படித் தெரியும்? அதற்காக மனிதன் தூண்களையும் உத்தரங்களையும் சுவர்களையும், சில வேளை முழு வீட்டையுமே, வேண்டுமென்று உடைத்துப் பார்க்கிறான். அவ்வாறு உடைப்பதற்கென்றே அமைந்த பெரிய ஆய்வுக்கூடங்கள் உலகெங்கும் உண்டு. நொச்சிக்குப்பத்திலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், அடையாற்றுக்கு அப்பாலும் உண்டு. அவை தோன்றிய வரலாற்றை இங்கே பார்ப்போம்.

கலிலியோ கண்ட உண்மையும் செய்த பிழையும்

இந்தக் கதை 1638ல் தொடங்குகிறது. அந்த ஆண்டில் வெளிவந்த தம் கடைசி நூலில் கலிலியோ ஒரு கேள்வி எழுப்பினார். சிறிய பொருள் ஒன்று உறுதியாக நிற்கிறது. அதே வடிவத்தில் பல மடங்கு பெரிதாகச் செய்தால் அதுவும் அவ்வளவு உறுதியாக நிற்குமா?

நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு மரத்துண்டின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் இரு மடங்காக்குவோம். அதன் எடை 2 × 2 × 2, அதாவது 8 மடங்கு ஆகிவிடும். எடையைத் தாங்க வேண்டிய குறுக்குவெட்டுப் பரப்போ 2 × 2, அதாவது 4 மடங்குதான் ஆகும். ஆகவே ஒவ்வொரு சதுர அங்குலமும் முன்னைவிட இரு மடங்கு சுமையைத் தாங்க வேண்டும். எறும்பின் கால் மெல்லியதாகவும் யானையின் கால் தூண்போலவும் இருப்பது இதனால்தான். சிறிய மாதிரி நிற்கிறது என்பதற்காகப் பெரிய கட்டடமும் நிற்கும் என்று சொல்லிவிட முடியாது.

அதே நூலில் கலிலியோ இன்னொன்றையும் ஆராய்ந்தார். சுவரில் ஒரு முனை மட்டும் பதிந்து, மறுமுனை வெளியே நீண்டிருக்கும் உத்தரம் எவ்வளவு சுமை தாங்கும் என்று கணக்கிட்டார். உத்தரம் என்பது நம் கொத்தனார் ‘பீம்’ என்று சொல்கிறாரே, அதுதான். அந்தக் கணக்கில் அவர் சறுக்கிவிட்டார். உடையும்போது குறுக்குவெட்டு முழுவதும் ஒரே அளவாக இழுபடுவதாக எண்ணிக்கொண்டார். உண்மையில் மேல்பகுதி இழுபடும், கீழ்ப்பகுதி நசுங்கும். இன்றைய மீள்திறன் கொள்கைப்படி பார்த்தால் அவருடைய விடை மூன்று மடங்கு அதிகம்.

பிழையை வெளிக்கொணர்ந்தது மற்றொரு கணக்கு அன்று, சோதனை. பிரான்சு நாட்டு மாரியோட் என்ற அறிஞர் 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், வெர்சேல்ஸ் அரண்மனைக்குத் தண்ணீர் கொண்டுசெல்லும் குழாய்களுக்காக, மரக்கோல்களையும் கண்ணாடிக் கோல்களையும் உடைத்துப் பார்த்தார். கலிலியோ சொன்னதைவிடக் குறைந்த சுமையிலேயே அவை ஒடிந்தன. மாமேதையின் கணக்கையும் ஒரு கோல் திருத்திவிட்டது!

இரும்புப் பாலமும் எதிர்பாராத மடிப்பும்

ரயில் வந்த பிறகு இந்தக் கேள்வி அவசரமாகிவிட்டது. வேல்ஸ் நாட்டில் மெனாய் நீரிணையின் குறுக்கே 460 அடி இடைவெளிகளைத் தாண்டி ரயிலைக் கொண்டுசெல்ல வேண்டியிருந்தது. ராபர்ட் ஸ்டீவன்சன் ஒரு துணிச்சலான யோசனை செய்தார். இரும்புத் தகடுகளால் மிகப்பெரிய குழாய் ஒன்றைச் செய்து, ரயிலை அதற்குள்ளேயே ஓடவிடலாம் என்றார். அதுவரை அப்படி ஒன்றை எவரும் கட்டியதில்லை. கணக்கிட நம்பகமான சூத்திரமும் இல்லை.

ஆகவே 1845ல் வில்லியம் ஃபேர்பேர்ன், ஈட்டன் ஹாட்ஜ்கின்சன் ஆகிய இருவரின் துணையோடு சோதனைகள் தொடங்கின. முதலில் சிறு குழாய்களை வளைத்து உடைத்தார்கள். அடிப்பக்கம்தான் இழுபட்டுக் கிழியும் என்று எதிர்பார்த்தார்கள். நடந்தது வேறு. மேல்பக்கத் தகடு காகிதம் மடங்குவதுபோல மடங்கிச் சுருங்கியது. மெல்லிய தகடு அழுத்தத்தில் நசுங்குவதற்கு முன்பே மடங்கிவிடும் என்பதை அந்தச் சோதனை கண்முன் காட்டியது. பிறகு உண்மைப் பாலத்தில் ஆறில் ஒரு பங்கு அளவில், 75 அடி இடைவெளியில் பெரிய மாதிரியைச் செய்து உடைத்தார்கள். உடைந்த இடத்தைப் பலப்படுத்தி மீண்டும் உடைத்தார்கள். இப்படியே பலமுறை. முதலில் சுமார் 35 டன்னில் உடைந்த மாதிரி, முடிவில் 86 டன் வரை தாங்கியது. கூட்டிய இரும்போ கொஞ்சம்தான். எங்கே கூட்ட வேண்டும் என்பதை உடைப்பு கற்றுக்கொடுத்தது. 1850ல் பிரிட்டானியா பாலம் திறக்கப்பட்டது.

இந்த இடத்தில் ஒன்றைக் கவனியுங்கள். சோதனை இரண்டு விஷயங்களைச் சொல்கிறது. எவ்வளவு சுமையில் உடையும் என்பது ஒன்று. எப்படி உடையும் என்பது மற்றொன்று. முதலாவதை மட்டும் தேடிப் போனவர்களுக்கு இரண்டாவதுதான் அதிகம் பயன்பட்டது. கட்டுரை முழுவதும் இந்த இரண்டாவது கேள்வி நம்மோடு வரும்.

லண்டன் நகரில் டேவிட் கிர்க்கால்டி என்பவர், சோதனை செய்வதையே தொழிலாக்கிக்கொண்டார். சுமார் 47 அடி நீளமுள்ள தம் சோதனை எந்திரத்தை அவர் 1860களில் செய்வித்தார். 1874 முதல் சதக் தெருவிலுள்ள கட்டடத்தில் அது வேலை செய்தது. “கருத்துகள் வேண்டாம், உண்மைகள் வேண்டும்” என்ற பொருளுள்ள வாசகத்தை வாசலில் பொறித்துவைத்தார். 1879 டிசம்பர் 28ஆம் நாள் இரவு புயலில் ஸ்காட்லாந்தின் டே ஆற்றுப் பாலம் ரயிலோடு சாய்ந்தது. ரயிலில் இருந்த ஒருவரும் பிழைக்கவில்லை. விழுந்த பாலத்தின் துண்டுகள் கிர்க்கால்டியின் எந்திரத்துக்கு வந்தன. குறுக்குக் கம்பிகளைத் தூணோடு பிணைத்த வார்ப்பிரும்புக் காதுகள், எதிர்பார்த்ததைவிட மிகக் குறைந்த இழுவிசையிலேயே பிய்ந்தன. பாலம் கட்டும் முன்பே செய்திருக்க வேண்டிய சோதனை, இறந்தவர்களுக்காகச் செய்யப்பட்டது.

பல்கலைக்கழகத்துக்கு வந்த எந்திரங்கள்

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கான்கிரீட் பரவத் தொடங்கியது. சிமெண்ட், மணல், ஜல்லி, தண்ணீர் கலந்த கலவை நசுக்கினால் நன்றாகத் தாங்கும். இழுத்தால் எளிதில் விரிந்துவிடும். ஆகவே இழுபடும் பக்கத்தில் எஃகுக் கம்பி வைக்கிறோம். இந்தக் கூட்டு எப்படி வேலை செய்கிறது என்று அறிய, அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஆர்தர் டால்பட் 1904 முதல் கம்பி வைத்த உத்தரங்களை வரிசையாக உடைத்தார். பென்சில்வேனியாவின் லீஹை பல்கலைக்கழகத்தில் 1910ல் ஃபிரிட்ஸ் ஆய்வுக்கூடம் எழுந்தது. 1955ல் அங்கே 50 லட்சம் பவுண்டு, அதாவது சுமார் 2,270 டன் விசை தரும் எந்திரம் நிறுவப்பட்டது.

இத்தகைய சோதனைகளிலிருந்து பொறியாளர்கள் கற்ற பாடங்களில் ஒன்று வியப்பானது. உத்தரத்தில் கம்பியைக் கூட்டக் கூட்ட உறுதி கூடும் என்றுதானே நினைப்போம்? ஓர் அளவு வரைதான் அது சரி. கம்பி அளவாக இருந்தால், சுமை மிகும்போது முதலில் கம்பி நெகிழ்ந்து நீளும். உத்தரம் கண்ணுக்குத் தெரியும்படி தொய்யும். அடியில் விரிசல்கள் அகலும். மேலே இருப்பவர்களுக்கு ஓடிவர நேரம் கிடைக்கும். கம்பி அளவுக்கு மீறினால், அது நெகிழும் முன்பே மேலுள்ள கான்கிரீட் வெடித்து நொறுங்கிவிடும். முன்னறிவிப்பே இராது. அதனால்தான் கம்பி குறையக் கூடாது என்று விதிப்பதுபோல, மிகையாகவும் கூடாது என்று நெறிமுறைகள் விதிக்கின்றன. நல்ல கட்டடம் என்பது உடையவே உடையாத கட்டடம் அன்று. உடைய நேர்ந்தால் முன்கூட்டிச் சொல்லிவிட்டு உடையும் கட்டடமே நல்ல கட்டடம்.

சிறிய உத்தரம் சொன்ன பொய்

சரி, சிறிய உத்தரங்களை உடைத்தே இதையெல்லாம் கற்கலாமே! பெரிய ஆய்வுக்கூடம் எதற்கு? இந்தக் கேள்விக்கு 1955ல் ஒரு விடை கிடைத்தது. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் விமானப்படைக் கிடங்கு ஒன்றின் கூரை சரிந்தது. அதன் கான்கிரீட் உத்தரங்கள் ஏறத்தாழ 3 அடி ஆழமுள்ளவை. அவை வளைந்து உடையவில்லை. சாய்வாக விரிசலிட்டுத் துண்டித்துக்கொண்டு விழுந்தன. இதைத் துணிப்பு முறிவு என்கிறோம். அன்றைய நெறிமுறைப்படி பார்த்தால் அவை அந்தச் சுமையைத் தாங்கியிருக்க வேண்டும். அந்த நெறிமுறைக்கு ஆதாரமான சோதனைகளில் பெரும்பாலானவை சிறிய உத்தரங்களில் செய்தவை.

கனடாவின் டொரான்டோ பல்கலைக்கழகத்தில் காஸ்பர் கானி இந்தப் புதிரைப் பிடித்துக்கொண்டார். 6 அங்குலம் முதல் 4 அடி வரை வெவ்வேறு ஆழமுள்ள உத்தரங்களைச் செய்தார். கலவையும் கம்பி விகிதமும் ஒன்றாகவே இருந்தன. துணிப்பைத் தடுக்கும் வளையக் கம்பிகளை மட்டும் வைக்கவில்லை. 1967ல் அவர் வெளியிட்ட முடிவு பொறியாளர்களைத் திகைக்கவைத்தது. ஆழம் கூடக் கூட, ஒவ்வொரு சதுர அங்குலமும் தாங்கும் துணிப்பு விசை குறைந்துகொண்டே போயிற்று!

காரணம் என்ன? உத்தரம் பெரிதானால் விரிசலும் அகலமாகிறது. விரிசலின் இருபுறமும் உள்ள ஜல்லிக் கற்கள் பல்லோடு பல் கோத்ததுபோல ஒன்றையொன்று பிடித்துக்கொள்வதால்தான் துணிப்பு தடைபடுகிறது. விரிசல் அகன்றால் அந்தப் பிடி நழுவுகிறது. உத்தரம் பெரிதாகிறதே தவிர, ஜல்லி பெரிதாவதில்லை. வீடு எட்டு மாடி ஆனாலும் இரண்டு மாடி ஆனாலும் முக்கால் அங்குல ஜல்லிதான்! கலிலியோ 1638ல் எடையைப் பற்றிச் சொன்ன எச்சரிக்கை, 330 ஆண்டுகளுக்குப் பின் கான்கிரீட்டைப் பற்றியும் உண்மையாயிற்று. பெரியதைப் பற்றி அறிய பெரியதைத்தான் உடைக்க வேண்டும்.

அடையாற்றுக்கு அப்பால்

இப்போது நம் ஊருக்கு வருவோம். நொச்சிக்குப்பத்திலிருந்து சாந்தோம் வழியாகத் தெற்கே போய் அடையாற்றைக் கடந்தால், கிண்டிக்கும் தரமணிக்கும் இடையில் இந்தத் துறையின் மூன்று நிறுவனங்கள் அருகருகே இருக்கின்றன. 1794ல் நில அளவைப் பள்ளியாகத் தோன்றி, 1978 முதல் அண்ணா பல்கலைக்கழகத்தின் அங்கமாகிய கிண்டிப் பொறியியல் கல்லூரி ஒன்று. மேற்கு ஜெர்மனியின் உதவியோடு 1959ல் தொடங்கிய இந்தியத் தொழில்நுட்பக் கழகம், அதாவது ஐ.ஐ.டி., மற்றொன்று. மூன்றாவது, மைய அரசின் கட்டமைப்புப் பொறியியல் ஆய்வு மையம். ஓட்டுக் கூரை போன்ற மெல்லிய கான்கிரீட் கூரைகளில் வல்லுநரான ஜி. எஸ். இராமசுவாமியை இயக்குநராகக் கொண்டு 1965ல் ரூர்க்கியில் பிறந்து, பிறகு தரமணியில் நிலைபெற்றது.

இத்தகைய ஆய்வுக்கூடத்துக்குள் நீங்கள் நுழைந்தால் முதலில் தரையைப் பாருங்கள். அதுதான் முக்கியமான கருவி. ஏன் என்கிறீர்களா? வழுக்கும் தரையில் நின்றுகொண்டு ஒரு சுவரைத் தள்ளிப் பாருங்கள். சுவர் நகராது, உங்கள் கால்தான் பின்னே சறுக்கும். ஓர் உத்தரத்தை 100 டன் விசையால் கீழே அழுத்தினால், அழுத்தும் ஜாக்கியை அதே 100 டன் விசை மேலே தள்ளும். நியூட்டனின் மூன்றாம் விதி நீங்கள் படித்ததுதான். அந்த எதிர்விசையைத் தாங்க ஜாக்கியை எஃகுச் சட்டத்தில் பொருத்தி, சட்டத்தைத் தரையோடு பெரிய திருகாணிகளால் பிணைக்கிறார்கள். தரை அசையக் கூடாது. ஆகவே ஒரு மீட்டர், அதற்கு மேலும்கூடத் தடிமனாக, நெருக்கமாகக் கம்பியிட்டு, திருகாணித் துளைகளோடு அதை அமைக்கிறார்கள். வலுத்தளம் என்று பெயர். பக்கவாட்டில் தள்ளுவதற்கு இதேபோல வலுச்சுவரும் உண்டு.

அடுத்தபடி அளவெடுக்கும் கருவிகள். கம்பி எவ்வளவு நீள்கிறது என்று கண்ணால் காண முடியாது. 1938ல் அமெரிக்காவில் ஆர்தர் ரூஜ், எட்வர்டு சிம்மன்ஸ் என்ற இருவர் தனித்தனியே ஓர் எளிய வழி கண்டார்கள். நுண்ணிய கம்பியைச் சோதிக்கும் பொருள்மேல் ஒட்டிவிட வேண்டும். பொருள் நீண்டால் ஒட்டிய கம்பியும் நீண்டு மெலியும். அதன் மின்தடை கூடும். அந்தக் கூடுதலை அளந்தால் நீட்சி தெரிந்துவிடும். இதுவே திரிபுமானி. அப்போது ரூஜ், நிலநடுக்கத்தில் தண்ணீர்த் தொட்டி எப்படி நடந்துகொள்ளும் என்பதை மாதிரித் தொட்டியில் ஆராய்ந்துகொண்டிருந்தார்.

சோதனை நாளில் கூடம் அமைதியாக இருக்கும். ஜாக்கி சிறிது சிறிதாக அழுத்தும். ஒவ்வொரு படியிலும் நிறுத்தி, வெள்ளையடித்த பரப்பில் தோன்றும் விரிசலைப் பேனாவால் வரைந்து, பக்கத்தில் சுமையை எழுதுவார்கள். எந்த விரிசல் முதலில் வந்தது, எது வளர்ந்தது, எது நின்றுவிட்டது என்று உத்தரத்தின் மேலேயே அதன் வாழ்க்கை வரலாறு எழுதப்பட்டுவிடும். கடைசியில் அது முறிந்த பிறகுதான் ஆய்வாளரின் வேலை பயன் தருகிறது.

இங்கே நடந்த சோதனைகளில் ஒன்று வீட்டுவசதியோடு நேரடித் தொடர்புடையது. உரத் தொழிற்சாலைகளில் மலைபோலக் குவியும் கழிவு ஜிப்சத்தில் கண்ணாடி இழை சேர்த்துச் செய்யும் சுவர்ப் பலகை ஒன்று உண்டு. ஆஸ்திரேலியாவில் 1990 அளவில் உருவானது. 12 மீட்டர் நீளம், 3 மீட்டர் உயரம், 124 மில்லிமீட்டர் தடிமன். உள்ளே வரிசையாக வெற்றறைகள். ஆஸ்திரேலியாவில் சுவராகப் பயன்பட்ட பலகையை, நம் நாட்டில் நிலநடுக்கத்தையும் தாங்கும் பல மாடி வீட்டுக்கு ஏற்றுக்கொள்ளலாமா? கேள்வி மறுபடியும் “எப்படி உடையும்?” என்பதுதான். ஜிப்சம் சட்டென்று உடையும் பொருள். அதன் அறைகளில் கான்கிரீட்டும் கம்பியும் நிரப்பினால் தன்மை மாறுமா? சென்னை ஐ.ஐ.டி.யின் கட்டமைப்பு ஆய்வுக்கூடத்தில் தேவதாஸ் மேனன், மெஹர் பிரசாத் முதலிய பேராசிரியர்களின் குழு, முழு உயரப் பலகைகளை மேலிருந்து அழுத்தியும் பக்கவாட்டில் முன்னும் பின்னும் தள்ளியும் ஆராய்ந்தது. சுவராக மட்டுமன்றித் தளமாகவும் அதைப் பயன்படுத்தும் முறை உருவாயிற்று. 2013ல் ஐ.ஐ.டி. வளாகத்திலேயே நான்கு வீடுகள் கொண்ட இரண்டு மாடிக் கட்டடம் ஒன்று ஏறத்தாழ ஒரே மாதத்தில் எழுந்தது. ஆண்டுக்கணக்கான உடைப்பு அதற்கு முன் நடந்திருந்தது என்பதை மறக்கக் கூடாது.

தரமணி மையத்தில் மின்கம்பிக் கோபுரங்களை முழு அளவில் நிறுத்தி, காற்று தள்ளுவதுபோல் வடங்களால் இழுத்துச் சாய்க்கும் நிலையம் உண்டு. நிலநடுக்கத்தை உண்டாக்கிக் காட்டும் அதிர்வு மேடையும் உண்டு. அது 4 மீட்டர் சதுரம்; 30 டன் எடையைச் சுமந்து எல்லாத் திசைகளிலும் குலுக்கும். முழு வீட்டைக் குலுக்க வேண்டுமென்றால் இன்னும் பெரிய மேடை தேவை. 1995 ஜனவரியில் 6,000 பேருக்கு மேல் மாண்ட கோபே நிலநடுக்கத்துக்குப் பிறகு, ஜப்பானியர் அந்நகருக்கு அருகில் 20 மீட்டர் நீளமும் 15 மீட்டர் அகலமும் கொண்ட மேடையை அமைத்தார்கள். 1,200 டன் வரை ஏற்றலாம். அது இயங்கத் தொடங்கிய 2005லேயே, பழைய மர வீடுகள் இரண்டைப் பெயர்த்துவந்து பக்கத்தில் பக்கம் நிறுத்திக் குலுக்கினார்கள். பலப்படுத்திய வீடு நின்றது. பலப்படுத்தாத வீடு விழுந்தது. அந்தக் காட்சியைக் கண்டவருக்குச் சூத்திரம் எதுவும் தேவைப்படவில்லை.

உப்புக் காற்று செய்யும் சோதனை

மீண்டும் நொச்சிக்குப்பத்துக்குத் திரும்புவோம். குடிசை மாற்று வாரியம் 1970ல் தோன்றியது. அந்தப் பத்தாண்டில் இக்கரையோரத்தில் குடிசைகள் போய் அடுக்குமாடிகள் வந்தன. தீப்பிடிக்கும் கூரைக்குக் கீழே வாழ்ந்தவர்களுக்குக் கான்கிரீட் வீடு பெரிய மாற்றம். ஆனால் கடல் ஒரு நாளும் ஓய்வதில்லை. பழைய கட்டடங்கள் உப்புக் காற்றில் உதிர்ந்தன. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இக்குப்பத்துக்குள்ளும் புகுந்தது. அதற்குப் பிந்திய ஆண்டுகளில் நொச்சிக்குப்பத்தின் பழைய அடுக்குகள் இடிக்கப்பட்டுப் புதியவை எழுந்தன.

கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி சாதாரணமாகத் துருப்பிடிப்பதில்லை. சிமெண்டின் காரத்தன்மை கம்பியின்மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு காப்புப் படலத்தை உண்டாக்குகிறது. கடற்காற்று கொண்டுவரும் உப்பிலுள்ள குளோரைடு, கான்கிரீட்டின் நுண்துளைகள் வழியே மெல்ல ஊறி, ஆண்டுகள் கழித்துக் கம்பியை எட்டும்போது அந்தப் படலத்தைத் துளைத்துவிடுகிறது. துரு, தான் தின்ற இரும்பைப்போல 2 முதல் 6 மடங்கு இடத்தை அடைக்கும். உள்ளிருந்து அது நெம்பும்போது கான்கிரீட் வெடித்துப் பிளந்து விழுகிறது.

ஆய்வுக்கூடத்தில் இதையும் சோதிக்கிறார்கள். உத்தரத்தை உப்புநீரில் வைத்து, கம்பியில் மின்சாரம் செலுத்தி, ஆண்டுக்கணக்கான துருவைச் சில வாரங்களில் வரவழைத்து, பிறகு ஜாக்கியின் கீழ் வைத்து முறிக்கிறார்கள். கிடைத்த பாடம் நாம் கவலைப்பட வேண்டியது. குளோரைடு கம்பியைச் சீராகத் தேய்ப்பதில்லை. அங்கங்கே குழி பறிக்கிறது. குழி விழுந்த கம்பி நெகிழ்ந்து நீள்வதற்குப் பதிலாக அந்த இடத்தில் அறுந்துவிடுகிறது. அதாவது உப்பு பலத்தை மட்டும் திருடுவதில்லை. நூறாண்டுச் சோதனைகளால் நாம் கட்டடத்துக்குக் கற்பித்த அந்த முன்னறிவிப்பையும் திருடிக்கொண்டு போய்விடுகிறது.

அவசரமாக வரவழைத்த துருவும் 30 ஆண்டு ஊறிய துருவும் முழுக்க ஒன்றல்ல. காலத்தைச் சுருக்கும் ஜாக்கி எந்தக் கூடத்திலும் இல்லை. அந்த நீண்ட சோதனை கடற்கரையில்தான் நடக்கிறது. அந்தச் சோதனைப் பொருளுக்குள் மக்கள் குடியிருக்கிறார்கள். இது நியாயமன்று. ஆகவே கூடத்தில் கற்றதைத் தளத்தில் பின்பற்றுவது கட்டுகிறவர்களின் கடமை. 2000ல் திருத்தி வெளியான இந்தியக் கான்கிரீட் நெறிமுறை, உலர்ந்த உள்நாட்டுச் சூழலில் கம்பியை மூடும் கான்கிரீட் 20 மில்லிமீட்டர் போதும் என்றது. கடற்கரைச் சூழலிலோ குறைந்தது 45 மில்லிமீட்டர் வேண்டும் என்றது. வேறுபாடு ஓர் அங்குலம்தான். கம்பிக்கு அடியில் வைக்கும் சிறு ‘கவர் பிளாக்’ சரியான உயரத்தில் இருந்தால் அது கிடைத்துவிடும். கொத்தனார் அதை மறந்தால், மேற்பார்வையாளர் அதைக் கவனிக்காவிட்டால், பல ஆண்டு ஆயுள் போய்விடும்.

குடியிருப்பவர்கள் அறிய வேண்டியதும் உண்டு. 2021 டிசம்பர் 27ஆம் நாள் வடசென்னைத் திருவொற்றியூர் அரிவாக்குளம் குடியிருப்பில் 24 வீடுகள் கொண்ட ஓர் அடுக்கு இடிந்து தரைமட்டமாயிற்று. ஓர் உயிரும் போகவில்லை. விரிசல்களைக் கண்ட மக்கள் முன்னதாகவே வெளியேறியிருந்தார்கள். ஆய்வாளர் பேனாவால் வரைந்து படிக்கும் அதே எழுத்தை அவர்கள் சுவரில் படித்தார்கள்.

நீங்களும் அதைப் படிக்கக் கற்கலாம். பூச்சில் வலைபோலப் பரவும் மயிரிழை விரிசல் பெரும்பாலும் பூச்சோடு நின்றுவிடுவது. உத்தரத்தின் அடியிலோ தூணின் மூலையிலோ கம்பி போகும் வழியே நேர்க்கோடாக ஓடும் விரிசல் அப்படிப்பட்டதன்று. உள்ளே துரு நெம்புகிறது என்று பொருள். பழுப்புக் கறை அதற்குச் சாட்சி. தட்டினால் பொள்ளென்று ஒலிக்கும் கூரை, பிரிந்துகொண்டிருக்கும் கூரை. உத்தரத்தின் முனையருகே சாய்வாக ஏறும் விரிசலைக் கண்டால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது; ஓஹையோவில் கூரையை வீழ்த்தியது அந்த வகைதான். இவற்றைச் சிமெண்ட் பூசி மறைப்பது, காய்ச்சல்மானியை உடைத்துவிட்டுக் காய்ச்சல் தீர்ந்தது என்பதற்குச் சமம். பொறியாளரை அழைத்துக் காட்ட வேண்டும். வாரியமோ உரிமையாளரோ, பொறுப்புள்ளவர்களுக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

மாணவர்களுக்கு ஒரு சொல். பொதுமக்களுக்குத் தங்கள் ஆய்வுக்கூடங்களைத் திறந்துகாட்டும் நாள்கள் கல்வி நிறுவனங்களில் உண்டு. வாய்ப்புக் கிடைத்தால் போய்ப் பாருங்கள். கூடத்தின் ஒரு மூலையில் முறிந்த உத்தரங்கள் குவிந்து கிடக்கும். அவற்றைக் குப்பை என்று எண்ணிவிடாதீர்கள். ஒவ்வொன்றின் மேலும் எழுதியிருக்கும் விரிசல் எண்களைப் படியுங்கள். அவை அங்கே ஆளில்லாமல் முறிந்ததால்தான், வேறெங்கோ ஒரு வீட்டுக் கூரை ஆட்களின் மேல் முறியாமல் நிற்கிறது.